ஆறு கடையும் ஒரு கறுப்புக் கோட்டும்

1

நம் ஊர்த் திருவிழா மலருக்குக் கட்டுரை கேட்டு அந்தோணி வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. வாத்தியார் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அதனால் கேட்கவில்லை, உத்தரவு போட்டிருக்கிறார். "தம்பி சூசை, நீ கப்பல் ஏறிப் பதினாலு வருஷம் ஆகிறது. அங்கே நீ கடை வைத்திருக்கும் ஊர் எப்படி உண்டாயிற்று, நம்மவர்கள் எப்படி முன்னுக்கு வந்தார்கள் என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி எழுது. கோட்டு போட்ட உன் படம் ஒன்றும் வேண்டும். அட்டையில் போடலாம்."

மலாயாவில் இருப்பவன் கோட்டு போட்டிருப்பான் என்று நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கையில் பாதியை மாதாவிடம் வைத்திருந்தால் நம் ஊரில் இந்நேரம் மழை பெய்திருக்கும். நான் தையல்காரன். பனியனும் கைலியுமாக மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வேர்வை துணியில் சொட்டாமல் இருக்கத் தோளில் ஒரு துண்டு. நீங்கள் கேட்கிற கோட்டு போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில், கழுத்தில் சீட்டு கட்டிக்கொண்டு, சாட்சிப் பொருளாகத் தொங்குகிறது.

வாத்தியார் கடிதம் வந்த அதே வாரம் எங்கள் கடைத்தெரு கம்பி வேலிக்குள் குடிவந்து ஒரு வருஷம் முடிந்தது. அதற்கும் சர்க்கார் விழா எடுத்தது. பந்தல் போட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள், ஒரு துவான் வந்து பேசினார். நம் ஊரில் துரை என்றால் இங்கே துவான். "இந்த ஆறு கடைகளும் வேலியின் பாதுகாப்பில் செழித்து வருகின்றன" என்று அவர் சொன்னதைத் தமிழில் சொன்னார்கள். நாங்களும் கை தட்டினோம். ஆறில் ஒன்று சீல் வைத்துக் கிடக்கிறது. அது துவானின் நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்ததால் அவர் பார்க்கவில்லை.

வரலாறு கேட்டீர்கள் அல்லவா? அந்தக் கடை மூடின வரலாறு எனக்கு நன்றாகத் தெரியும். அதையே எழுதுகிறேன்.

2

கோலா சிலாங்கூரிலிருந்து சபாக்குக்குப் போகிற ரோட்டில், தோட்டத்துச் செம்மண் பாதை வந்து சேரும் முக்கில் எங்கள் கடைகள் இருந்தன. பின்னால் கால்வாய். அதற்குப் பின்னால் சதுப்புக் காடு. எங்கள் தோட்டத்துக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. அதைத் தடுக்கி விழாமல் சொல்லக்கூடியவர் மானேஜர் ஒருவர்தான். எங்களுக்கு அது கால்வாய்த் தோட்டம். கடைகள் இரண்டு இருந்தபோது இரண்டு கடை என்றோம், நான் வந்து சேர்ந்தபோது ஆறு கடை ஆயிற்று. பெயர் வைப்பதில் நாங்கள் அதிகம் சிரமப்படுவதில்லை.

முதலில் வந்தது சீனர் ஆ லெங்கின் மளிகைக் கடை. இங்கே சீன முதலாளியைத் தவுக்கே என்பார்கள். இவருடைய அப்பா ஒரு அரிசி மூட்டையும் ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும் வைத்து ஆரம்பித்தாராம். ஆனாலும் அன்றைக்கே தவுக்கேதான். தவுக்கேயும் அவர் சம்சாரமும் தோட்டத்து லயங்களில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பேசும் தமிழைப் பேசுவார்கள். கருவாட்டைத் தமிழிலேயே விற்பார்கள், வாடை அடிக்கிறது என்று நாம் சொன்னால் தமிழிலேயே திட்டவும் செய்வார்கள்.

அடுத்தது காதர் பாயின் தேநீர்க் கடை. அந்தக் கடை வந்த கதையை பாய் ஐந்து விதமாகச் சொல்வார். ஐந்திலும் ஒரு புலி வரும், ஐந்திலும் அது பாயைப் பார்த்துத் திரும்பிப் போகும். பிறகு முடி வெட்டும் கோவிந்தன், ஒரு சைக்கிள் கடை, தோட்டமே நடத்துகிற கள்ளுக்கடை. கடைசியாக நான். முன்னுக்கு வந்தோமா என்று கேட்டால், ரோட்டை அகலப்படுத்தின வருஷம் ஆறு கடையும் ஆறடி பின்னுக்குப் போனதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கோட்டின் கதைக்கு வருகிறேன். யுத்தத்துக்கு முன்பு தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், ஊருக்குப் போகும்போது போட்டுக்கொள்ளக் கறுப்புக் கம்பளியில் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்தார். தைத்து முடிக்கவும் ஜப்பான்காரன் வரவும் சரியாக இருந்தது. கிராணி கோட்டையும் எங்களையும் மறந்துவிட்டு ஓடிவிட்டார். கறுப்புப் பொத்தான் கிடைக்காத காலம். மேல் பொத்தான் மட்டும் வெள்ளையாகப் போட்டு ஆணியில் மாட்டினேன். கிராணி இரண்டு ஆள் பருமன் என்பதால் அது வேறு யாருக்கும் பொருந்தாது. யாருக்கும் பொருந்தாது என்பதால் எல்லோரும் கேட்டார்கள்.

ஊருக்குப் படம் அனுப்ப வேண்டுமென்றால் இந்தக் கோட்டுதான். முதுகில் துணி காயப்போடும் கவ்விகள் நாலு போட்டு இழுத்துப் பிடித்தால் முன்பக்கம் ராஜா மாதிரி இருக்கும். இடுப்புக்குக் கீழே படம் எடுப்பதில்லை. இரவலுக்கு நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, மூன்றாம் நாள் கோட்டு என் ஆணிக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். யாரும் தவறியதில்லை. கொஞ்சம் எழுந்து போய் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மலாயாப் படத்தைப் பாருங்கள். மேல் பொத்தான் வெள்ளையாக இருக்கிறதா? என்னுடையதுதான். உங்கள் மகன் நலமாக இருக்கிறான், காலில் செருப்பு இல்லை.

3

பிறகு சர்க்கார் அவசரகாலம் என்று அறிவித்தது. காட்டுக்குள் துப்பாக்கி வைத்திருக்கிற கம்யூனிஸ்டுகளையும் கடைத்தெருவில் கருவாடு வாங்குகிற எங்களையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்பதால் எல்லோருக்கும் அடையாளக் கார்டு கொடுக்கப் புறப்பட்டார்கள். மாரியம்மன் கோயில் கொட்டகையில் மேஜை போட்டு ஒரு குமாஸ்தா உட்கார்ந்தார்.

"எப்பப் பொறந்த?" என்று அவர் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும், வீரப்பனைக் கேட்டார்.

"அம்மாவுக்குத்தாங்க தெரியும்."

"அம்மா எங்க?"

"ஊருலங்க."

"இருக்காங்களா, செத்துட்டாங்களா?"

"லெட்டர் வந்தாத்தாங்க தெரியும்."

குமாஸ்தா பேனாவை உதறிவிட்டு ஜனவரி முதல் தேதி என்று எழுதிக்கொண்டார். அன்றைக்குத் தேதி தெரியாத எல்லோருக்கும் அதே ஜனவரி முதல் தேதிதான். எனக்கும் அதுதான். ஞானஸ்நானச் சீட்டைக் காட்டினேன். லத்தீனில் இருக்கிறது, செல்லாது என்றார்.

படம் எடுக்கக் கோயில் சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். "நல்ல துணி போட்டுக்கிட்டு வாங்க. சர்க்கார் கார்டு, வெளையாட்டு இல்ல" என்று குமாஸ்தா சொன்ன ஒரு வார்த்தை போதும். வரிசை முழுவதும் திரும்பி என் கடையைப் பார்த்தது. கோட்டு ஒரு தோளிலிருந்து இறங்கி அடுத்த தோளில் ஏறியது. காலையில் உள்ளே போன கோட்டு சாயந்திரம் வெளியே வரும்போது தோய்த்துப் பிழிந்த மாதிரி இருந்தது. தவுக்கேகூட வரிசையில் நின்று போட்டுக்கொண்டார். கள்ளுக்கடைக்காரரும் போட்டுக்கொண்டார். நானும்தான்.

இப்படியாக எங்கள் தோட்டத்து ஆண்கள் எல்லோரும் ஒரே நாளில் பிறந்து ஒரே கோட்டை மாட்டிக்கொண்டோம். ஆளைப் பிரித்துப் பார்க்க சர்க்கார் கண்டுபிடித்த வழி இது.

4

அடுத்து வேலி வந்தது. கால்வாய் ஓரத்தில் கடைகள் இருந்தால் காட்டுக்காரர்களுக்கு அரிசி போய்விடும் என்று ஆறு கடையையும் பிரித்து, லோரியில் ஏற்றி, லயங்களுக்குப் பக்கத்தில் இறக்கி, எல்லாவற்றையும் சுற்றி முள்கம்பி போட்டார்கள். ஒரே ஒரு கேட். விடிந்த பிறகு திறக்கும், இருட்டுவதற்கு முன் மூடும். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறு எடுத்துப் போகக் கூடாது. சீனி போட்ட தேநீர்கூடக் கூடாது. கம்யூனிஸ்டு சீனியைப் பிரித்து எடுத்துவிடுவானாம்.

தகர டின்களுக்கும் சட்டம் வந்தது. பால் டின்னோ சார்டின் டின்னோ, விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். காட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிட வேண்டுமாம். எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எறும்பு வந்துவிட்டது. தவுக்கே ஆணியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"சர்க்காரு ஆணி, லா. நான் என்னா பண்ண? வூட்டுக்குப் போற வழியிலயே தின்னுடு" என்பார். பேச்சுக்குப் பேச்சு ஒரு லா சேர்ப்பது இந்த ஊர்ப் பழக்கம்.

என் மகள் பிலோமினாவுக்கு ஒன்பது வயது. தமிழ் எழுத்துகளைவிட ராணுவ லோரிகளின் நம்பர்கள் அவளுக்கு நன்றாகத் தெரியும். தவுக்கேயின் பெண்ணோடு சேர்ந்து அவள் தினமும் ஆடும் விளையாட்டு, கேட் விளையாட்டு. நான் சாப்பிட வீட்டுக்குள் நுழைந்தால் விளக்குமாற்றைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு "பெர்ஹெந்தி!" என்று மலாயில் அதட்டி நிறுத்துவாள். என் மடியைத் தடவிப் பார்த்த பிறகுதான் சோற்றுக்கு வழி விடுவாள். ஒருநாள் நம் ஊரைப் பற்றிக் கேட்டாள். இந்தப் பிள்ளைகளுக்கு எந்தக் கிராமமும் கம்பம்தான்.

"அப்பா, ஒங்க கம்பத்துல கேட்டு எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

"அங்க கேட்டே கெடையாது, பாப்பா."

"கேட்டு இல்லாத கம்பமா? அப்ப எப்படிப்பா பயமில்லாம தூங்குவாங்க?"

அவளுக்கு வேலிதான் ஊர் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

5

பொங்கல் கழிந்து ஒன்றரை மாதம் இருக்கும். காட்டிலிருந்து ஒருவன் இறங்கி வந்து சரணடைந்தான். அரிசி கொடுத்தது யார் என்று போலீசில் கேட்டிருக்கிறார்கள். பெயர் தெரியாது, பொங்கலுக்கு அடுத்த வாரம் கால்வாய்க் கரையில் மூட்டையை வைத்துவிட்டுப் போனவன் கறுப்புக் கோட்டு போட்டிருந்தான், மேல் பொத்தான் வெள்ளை என்று சொன்னானாம். அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் திடலில் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள். வந்த இன்ஸ்பெக்டர் சின்ன வயது வெள்ளைக்காரர். முதலில் நின்ற வீரப்பனின் கார்டை வாங்கிப் பார்த்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைப் பொத்தான். அவர் கை துப்பாக்கிக்குப் போனது, இரண்டு சிப்பாய்கள் வீரப்பனைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த கார்டைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். ஏழாவது கார்டில் தொப்பியைக் கழற்றினார். இருபதாவதில் நாற்காலி கேட்டார். "இத்தனை பேரும் எப்படிக் கோட்டு வைத்திருக்கிறீர்கள் என்று துவான் கேட்கிறார்" என்றார் மொழிபெயர்க்க வந்தவர்.

தோட்டமே ஒரே குரலில் பதில் சொன்னது. "டைலரு கோட்டுங்க, துவான்!"

சம்பளத்துக்கும் சாமி கும்பிடவும் சேராத ஒற்றுமை என்னைக் காட்டிக் கொடுப்பதில் சேர்ந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கேட்ட கேள்விக்கு உண்மையைத்தான் சொன்னார்கள். என்னையும் கோட்டையும் ஒரே ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஸ்டேஷனில் என்னை அடிக்கவில்லை. மேஜைக்கு எதிரே உட்கார வைத்து, கோட்டை நடுவில் போட்டு, மொழிபெயர்க்கிறவர் மெதுவாகச் சொன்னார். "கோட்டு உன்னுது. அதனால நீதான் ஆளுன்னு துவான் நெனைக்கிறாரு. நீ இல்லன்னா, பொங்கல் சமயத்துல யார் இரவல் வாங்கினதுன்னு சொல்லு. சொல்லலன்னா நீயும் குடும்பமும் அடுத்த கப்பல்ல இந்தியாவுக்கு. டிக்கெட்டு சர்க்கார் செலவு. திரும்பி வர முடியாது."

வாத்தியார் அண்ணே, உங்களுக்குப் பதினாலு வருஷமாக நான் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றுதான். ஊர் நினைவாகவே இருக்கிறேன். அந்த வரத்தை ஒருவர் இலவசமாக மேஜை மேல் வைத்தார். ஊரில் எனக்கு என்ன இருக்கிறது என்று எண்ணினேன். நாலு பேருக்கு ஒரு வீடு. என்னை உட்காரவிடாத மூத்த தையல்காரர்கள். பிறகு நம் கோயில். பெரிய வாசலில் நுழைய நம் சாதிக்கு அனுமதி இல்லை, பூசை பார்க்கப் பக்கவாட்டில் தனி இடம். பதினாலு வருஷமாக இங்கே எந்த வாசலில் நுழைய வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டில் நிற்கிற சிப்பாய்கூட எல்லோரையும் ஒரே மாதிரிதான் தடவிப் பார்க்கிறான். என் மகளுக்கு அந்தப் பக்கவாட்டு இடத்தைப் பற்றித் தெரியாது. தெரியவே கூடாது என்று அந்த மேஜைக்கு முன்னால் முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில் கோட்டு மூன்று பேரிடம் போயிருந்தது. பெண் பார்க்கப் போன கோவிந்தன், மண்டோருடைய மருமகன், சீனாவில் இருக்கும் அம்மாவுக்குப் படம் அனுப்பிய தவுக்கே. மூவருமே பொங்கலுக்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பொங்கலுக்கு அடுத்த வாரம் முழுக்கக் கோட்டு என் கடை ஆணியில் தொங்கியது.

கோவிந்தன் பெயரைச் சொன்னால் லயத்தில் எனக்குத் தண்ணீர் கிடைக்காது. மண்டோர் வேலைக்காரர்களுக்கெல்லாம் மேஸ்திரி, அவர் மருமகன் பெயரைச் சொன்னால் துணியே வராது. தவுக்கேக்கு லயத்தில் சொந்தக்காரர் யாரும் இல்லை. இன்ஸ்பெக்டரும் ஒரு சீனப் பெயருக்காகவே பேனாவைத் திறந்து வைத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"தவுக்கே ஆ லெங், துவான்" என்றேன்.

எப்போது திருப்பிக் கொடுத்தான் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தேநீர் கொடுத்து ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டார்கள்.

6

தவுக்கேயை அன்று மத்தியானமே பிடித்துப் போனார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள். குடும்பத்தோடு சீனாவுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு வந்தது. காதர் பாய் என் தோளில் கை போட்டு, "எவனோ போட்டுக் குடுத்திருக்கான், சூசை. சீனனுக்குச் சீனன்தான் எதிரி" என்றார். நான் ஆமாம் பாய் என்றேன்.

மாதம் ஒருமுறை கிள்ளானிலிருந்து வரும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "பொய் சொன்னாயா?" என்று கேட்டார். இல்லை சாமி என்றேன். "பிறகு என்ன பாவம்?" என்று அவசரப்பட்டார். கேட் மூடுவதற்குள் அவர் வெளியே போக வேண்டும். பத்து அருள்நிறை மந்திரத்தோடு விட்டுவிட்டார். அவரிடம்கூடச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அதை வாத்தியார் மலரில் போட்டுக்கொள்ளட்டும்.

தவுக்கேயைப் பிடித்துப் போன மூன்றாம் நாள் அவர் சம்சாரம் என் கடைக்கு வந்தாள். இங்கே பக்கத்துக் காப்பாரில் பிறந்தவள், சீனாவைப் பார்த்ததே இல்லை. கைக்குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பெயரைச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்த ஒரே ஆள் நான் என்பதால் என்னைத் தேடி வந்திருந்தாள்.

"டைலரு, நீ ஸ்டேஷனுக்கு வா, லா. ஒரே ஒரு பேச்சு. கோட்டைப் பொங்கலுக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்துட்டான்னு சொல்லு. நான்தான் இஸ்திரி போட்டுக் குடுத்தேன். ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும், தவுக்கேம்மா."

"அப்ப சொல்லு. ஒன்னைய வுட்டுட்டாங்க. நீ பேசினா துவான் கேப்பாரு."

நான் போய் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த வாரம் கோட்டு யாரிடம் இருந்தது?

"அத அவங்க கேக்கலையே, தவுக்கேம்மா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. புரியாத கணக்கைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அவங்க கேக்கலன்னா என்னா? நீ சொல்லேன்."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவசரமாக ஒரு சட்டை முடிக்க வேண்டும் என்று முணுமுணுத்துவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தேன். அவள் இன்னும் ஏதோ சொன்னாள். வேகமாக மிதித்தேன். வேகமாக மிதித்தால் எங்கள் மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சுக்கூடக் கேட்காது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. குனிந்து பார்த்தேன். ஊசிக்குக் கீழே துணியே இல்லை.